ஜப்பானிற் காணத்தக்கவை

ஆசியப் பெருநிலத்திற்குக் கிழக்கே, பசிபிக் மாகடலின் ஓரத்தில், வில்லென வளைந்து கிடக்கும் தீவுக்கூட்டமே ஜப்பான் நாடாகும். ஹொக்கைடோ, ஹொன்ஷு, ஷிகொக்கு, கியூஷு என்னும் நான்கும் அவற்றுட் பெரியவை. அந்நாடு மலைகள் நிறைந்தது. அம்மலைகளிற் பல எரிமலைகள். அவற்றுள் தலையாயது பூஜி. 3,776 மீட்டர் உயரமுள்ள அம்மலை, 1707ஆம் ஆண்டில் நெருப்பைக் கக்கிய பின் இன்றுவரை அடங்கியிருக்கிறது. முடியிலே படிந்த வெண்பனியையும், அடிவாரத்து ஏரிகளில் மலையின் உருவம் தலைகீழாய்த் தோன்றுவதையும் ஒருமுறை கண்டோர் பின்னர் மறவார். ஆயினும், அம்மலையின் அமைதி உறக்கத்தின் அமைதியே என்பதனை அந்நாட்டார் நன்கறிவர்.

காலின்கீழ் உள்ள மண்ணே நடுங்கும் நாட்டில் வாழ்வோர் எதனைக் கொண்டு கோயில் எடுப்பர்? காடு மலிந்த நாடாதலின் அவர்கள் மரத்தைக் கொண்டனர். மரம் நிலநடுக்கத்திற்கு வளைந்து கொடுக்கும். நெருப்புக்கோ எளிதில் இரையாகும். ஆகவே, அங்குள்ள பழம்பெருங் கட்டடங்களைக் காணச் செல்வார் எவர்க்கும் ஒரு வினா எழும். 'இது பழையதா, புதியதா?' என்பதே அவ்வினா. கற்றளிகளைக் கண்டு பழகிய நமக்கு அஃது எளிய வினாவாகவே தோன்றும். ஜப்பானிலோ ஒவ்வோர் ஊரும் அதற்கு ஒவ்வொரு விடை கூறுகின்றது.

முதலில் ஹோர்யூஜி என்னும் பௌத்தப் பள்ளியைக் காண்போம். நாரா நகரத்தின் தென்மேற்கே அமைந்த இதனை 607ஆம் ஆண்டில் ஷோதொக்கு என்னும் இளவரசர் நிறுவினார் என்பது மரபு. அது 670இல் எரிந்துபோக, மீண்டும் எடுக்கப்பட்டது. அங்ஙனம் எடுத்த பொன்மண்டபமும் ஐந்தடுக்குக் கோபுரமும் ஏறத்தாழ 1,300 ஆண்டுகளாக நிற்கின்றன. உலகில் இன்று நிற்கும் மரக் கட்டடங்களுள் இவையே மிகப் பழையவை. மண்டபத்துச் சுவரோவியங்கள் அழியாப் புகழ் பெற்றவை. அவற்றை ஓவியர்கள் படியெடுத்து வந்த காலத்திலேயே, 1949ஆம் ஆண்டு ஜனவரி 26ஆம் நாள், தீப்பற்றி அவை பெரிதும் பாழாயின. அத்துயரின் விளைவாகவே 1950இல் பண்பாட்டுச் செல்வங்களைக் காக்கும் சட்டம் பிறந்தது. ஆண்டுதோறும் அந்நாளில் நாடெங்கும் உள்ள கோயில்களில் தீயணைக்கும் பயிற்சி நடைபெறுகிறது.

நாராவில் உள்ள தோதாய்ஜி வேறொரு விடை கூறும். ஷோமு மன்னர் 743ஆம் ஆண்டில் ஆணையிட, ஏறத்தாழ 15 மீட்டர் உயரமுள்ள புத்தர் திருவுருவம் அங்கே வெண்கலத்தில் வார்க்கப்பட்டது. 752இல் நடந்த கண் திறப்பு விழாவில், தூரிகை ஏந்தித் திருவுருவத்திற்குக் கண் எழுதியவர் யார் தெரியுமா? தென்னிந்தியாவிலிருந்து சென்ற போதிசேனர் என்னும் துறவியே. 736இல் ஜப்பானை அடைந்த அவர், 760இல் அந்நாட்டிலேயே உயிர் நீத்தார். அவர் பிடித்த தூரிகையினின்று நீண்ட நூல்கள் கட்டப்பட்டிருந்தன. கூடியிருந்தோர் அந்நூல்களைப் பற்றி நின்று, தாமும் கண் எழுதிய பேற்றினை எய்தினர். எத்துணை அழகிய ஏற்பாடு! அத்தூரிகையும் நூலும் ஷோசோயின் என்னும் கருவூலத்தில் இன்றும் உள்ளன. ஆனால், பெருமண்டபம் 1180இலும் 1567இலும் போர்த்தீயில் எரிந்தது. இரண்டாம் முறை எரிந்த பின், புத்தர் நெடுங்காலம் வெயிலிலும் மழையிலும் அமர்ந்திருந்தார். இப்போதுள்ள மண்டபம் 1709இல் முடிந்தது. முன்னையதினும் அகலத்தில் மூன்றில் ஒரு பங்கு குறைந்தும், இன்றும் காண்போரை வியக்கச் செய்கிறது. வெளியே மான்கள் அச்சமின்றித் திரிகின்றன. அவற்றைத் தெய்வத்தின் தூதர் என மக்கள் போற்றுகின்றனர். கையில் தின்பண்டம் இருப்பின் அத்தூதர்கள் பொறுமை காட்டுவதில்லை.

794 முதல் ஆயிரம் ஆண்டுக்கு மேல் தலைநகராய் விளங்கிய கியோத்தோவில் உள்ள கோயில்களை எல்லாம் கூறப் புகின் பாடம் நீளும். கின்காக்குஜி என்னும் பொன்மாடம் ஒன்றை மட்டும் குறிப்போம். குளத்தில் நிழல் விழ நிற்கும் அம்மாடத்தை 1950இல் அங்கிருந்த இளந்துறவி ஒருவரே தீயிட்டு அழித்தார். இன்று நாம் காண்பது 1955இல் எழுப்பியது.

தீ அழித்ததனால் புதுப்பித்தல் ஒன்று. அழியுமுன்னரே புதுப்பித்தல் மற்றொன்று. இரண்டாவதனை ஈசே என்னும் திருத்தலத்திற் காணலாம். கதிரவன் தெய்வமாகிய அமதேராசுவின் கோயில் அங்குள்ளது. கூரை புல்லால் வேய்ந்தது. தூண்கள் அடிக்கல்லின்றி நேரே மண்ணில் நட்டவை. அதனால் அவை விரைவில் இற்றுப்போகும். ஆதலின், இருபது ஆண்டுக்கு ஒருமுறை, பக்கத்தில் உள்ள வெற்றிடத்தில் அதே அளவில், அதே முறையில் புதுக்கோயில் எடுத்து, தெய்வத்தை எழுந்தருளச் செய்வர். 690இல் தொடங்கிய இவ்வழக்கம், உள்நாட்டுப் போர்களால் நூறாண்டுக்கு மேல் தடைப்பட்டும் மீண்டும் தழைத்தது. 2013இல் நடந்தது 62ஆம் முறை, அடுத்தது 2033இல். இளமையிற் கருவி எடுத்துக் கொடுத்த தச்சன், அடுத்த முறை தானே மரம் இழைக்கிறான். அதற்கடுத்த முறை பிறர்க்குக் கற்பிக்கிறான். கழற்றிய மரங்களும் வீணாவதில்லை. வேறு கோயில்களுக்குச் செல்கின்றன. இதற்கெனவே ஹினோக்கி மரங்களை வளர்க்க 1923இல் திட்டம் வகுத்தார்கள். அதன் காலம் இருநூறு ஆண்டுகள்! நட்டவர் எவரும் அம்மரங்களின் பயனை முழுதும் காணார். ஜப்பானிற் காணத்தக்கவற்றுள் இதற்கே நான் முதலிடம் தருவேன்.

மேற்கே ஹிரோஷிமாவுக்கு அருகில் மியாஜிமா என்னும் தீவு உண்டு. அங்கே கடலுக்குள் நிற்கும் செந்நிறத் தோரணவாயிலின் தூண்கள் தரையிற் புதைக்கப்பட்டவை அல்ல; தன் எடையாலேயே அது நிற்கிறது. இப்போதுள்ளது 1875இல் எடுத்தது.

ஹிரோஷிமா நகரிலோ புதுப்பிக்காத கட்டடம் ஒன்று நிற்கிறது. செக் நாட்டவராகிய யான் லெட்சல் வரைந்த திட்டப்படி 1915இல் கட்டிய பொருட்காட்சி மாளிகை அது. 1945ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ஆம் நாள், அதற்கு மிக அருகில் வானத்தில் அணுகுண்டு வெடித்தது. உள்ளிருந்தோர் அனைவரும் மாண்டனர். சுவர்களிற் சிலவும் குவிமாடத்தின் இரும்பெலும்பும் மட்டும் எஞ்சின. கண்ட போதெல்லாம் நெஞ்சம் நோவதால் அதனை இடித்துவிட வேண்டும் என்றனர் சிலர். இருக்கட்டும் என்றனர் சிலர். என்றும் காப்பதென 1966இல் நகர மன்றம் முடிவு செய்தது. மறு ஆண்டே வேலை தொடங்கிற்று. விரிசல்களிற் பசை செலுத்தி, உள்ளே இரும்புச் சட்டங்களால் முட்டுக் கொடுத்தனர். கூரையை மட்டும் எவரும் வேயவில்லை.