ஒரு பைக், ஒரு நாள், 100 கிலோமீட்டர்... மதுரையைச் சுற்றி மலையும் கண்மாயும் பார்க்கலாம் வாங்க!

இத்தாலியின் கோமோ ஏரிக்கரையில் மாண்டெல்லோ டெல் லாரியோ என்று ஒரு சின்ன ஊர். 'மோட்டோ குஸ்ஸி' பைக் 1921-ல் பிறந்தது அங்கேதான். ஏரியை ஒட்டி வளைந்து வளைந்து மலையேறும் அந்தச் சாலைகளில் பைக் ஓட்டுவதற்காகவே உலகம் முழுக்க இருந்து ஆட்கள் போகிறார்கள். காலையில் ஓர் ஏரி, மதியம் ஒரு மலைக்கிராமம், சாயங்காலம் ஒரு பழைய தேவாலயம் என்று ஒரே நாளில் சுற்றிவிட்டுத் திரும்புவது அங்கே பிரபலம்.

மதுரைக்காரர்களுக்கு விமான டிக்கெட் தேவையில்லை. மாட்டுத்தாவணியில் இருந்து வண்டியைக் கிளப்பினால் பத்தே நிமிடத்தில் முதல் மலை வந்துவிடும். அங்கிருந்து மேலூர், கீழவளவு, அழகர்கோவில் என்று ஒரு வட்டம் அடித்து வீடு திரும்பினால் 100 கிலோமீட்டருக்குச் சற்று மேல். வழியெல்லாம் கண்மாய்கள். 2,000 ஆண்டுகளுக்கு முன் வெட்டிய எழுத்துகள். சமீபத்தில்தான் சுரங்கத்தில் இருந்து தப்பிய ஒரு கிராமமும் இந்த வழியில் இருக்கிறது.

காலை 6 மணி: பாண்டி கோயில்

கோமோ ஏரிக்கு மேலே கிஸல்லோ கணவாயில் ஒரு மாதா கோயில் உண்டு. 1949-ல் போப் பன்னிரண்டாம் பயஸ், அந்த மாதாவை சைக்கிள் ஓட்டுபவர்களின் காவல் தெய்வமாக அறிவித்தார். மதுரையில் அப்படி யாரும் அறிவிக்கவில்லை. ஆனால், புது வண்டி வாங்கினால் மாலையைப் போட்டு, எலுமிச்சம்பழத்தை டயருக்கு அடியில் வைத்து நேராக ஓட்டிவரும் இடம் மேலமடை பாண்டி முனீஸ்வரர் கோயில். பயணத்தை இங்கே ஒரு கும்பிடு போட்டு ஆரம்பிப்பது உள்ளூர் வழக்கம்.

மேலூர் சாலைக்கு வந்துவிட்டால் உலகனேரியில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை. அடுத்து ஒத்தக்கடை. இங்கே டீ குடிக்க நிறுத்தும்போதே இடது பக்கம் அது தெரிந்துவிடும்.

ஒரே கல்லில் படுத்த யானை

யானைமலை. தும்பிக்கையை நீட்டிப் படுத்திருக்கும் யானையைப் போல சுமார் 4 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரே பாறை. காலை வெயில் அதன் மேல் விழும்போது பாறை மெல்ல நிறம் மாறும். போட்டோ எடுக்க நினைப்பவர்களுக்கு இதுதான் நேரம்.

மலையடிவாரத்தில் நரசிங்கம் கிராமம். இங்குள்ள யோக நரசிம்மர் குடைவரையை கி.பி. 770-ல் செய்வித்தவர் மாறன் காரி. பாண்டிய மன்னன் பராந்தக நெடுஞ்சடையனின் அமைச்சர். பணி முடியும் முன்பே அவர் இறந்துவிட, தம்பி மாறன் எயினன் முடித்துவைத்தார் என்று கோயில் கல்வெட்டே சொல்கிறது. கொஞ்சம் தள்ளி முருகனுக்கான லாடன் கோயில் குடைவரை. மலைச்சரிவில் சமணச் சிற்பங்களும் உண்டு. மதுரை மலைகள் பலவற்றில் காணப்படும் அச்சணந்தி என்ற சமணத் துறவியின் பெயர் இங்கும் கல்வெட்டாக இருக்கிறது.

இந்த யானைக்கும் ஒருமுறை ஆபத்து வந்தது. 2010-ல் இங்கே சிற்ப நகரம் அமைக்கும் யோசனை எழுந்தபோது ஊர் மக்கள் எதிர்த்து நின்றார்கள். திட்டம் கைவிடப்பட்டது. அந்தப் போராட்டத்தின் தொடர்ச்சியாகத்தான் எழுத்தாளர் அ.முத்துகிருஷ்ணன் 'பசுமை நடை' அமைப்பைத் தொடங்கினார். மதுரைக்காரர்கள் குடும்பம் குடும்பமாக மலை பார்க்கக் கிளம்பும் பழக்கத்துக்கு அது பெரிய காரணம்.

அரிட்டாபட்டி: தப்பித்த ஊர்

மீண்டும் நான்குவழிச் சாலை. நரசிங்கம்பட்டியைத் தாண்டி இடது பக்கம் திரும்பினால் காட்சி சட்டென்று மாறும். லாரிச் சத்தம் அடங்கி, இரண்டு பக்கமும் வயல், நடுநடுவே பனை, தூரத்தில் மொட்டைப் பாறைகள். மதுரையில் இருந்து சுமார் 25 கிலோமீட்டரில் அரிட்டாபட்டி.

2022 நவம்பரில் அரிட்டாபட்டியையும் பக்கத்து ஊரான மீனாட்சிபுரத்தையும் சேர்த்து 193.215 ஹெக்டேரை பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாகத் தமிழக அரசு அறிவித்தது. தமிழ்நாட்டிலேயே முதல் தலம் இதுதான். அரசு தந்த கணக்குப்படி 7 குன்றுகள், 72 ஏரிகள், 200 இயற்கை ஊற்றுகள், 3 தடுப்பணைகள். சுமார் 250 வகைப் பறவைகள் இங்கே பதிவாகியுள்ளன. லகர் வல்லூறு, ஷாகீன் வல்லூறு, ராசாளிக் கழுகு மூன்றும் அந்தப் பட்டியலின் நட்சத்திரங்கள். எறும்புத்தின்னி, தேவாங்கு, மலைப்பாம்பும் உண்டு.

கண்மாய்க் கரையில் வண்டியை நிறுத்திவிட்டு நடந்தால் பாறையில் குடைந்த சிவன் கோயில். முற்காலப் பாண்டியர் காலத்தது. தமிழ்நாட்டில் அரிதாகவே கிடைக்கும் லகுலீசர் சிற்பம் இங்கே இருக்கிறது. இன்னொரு பக்கம் கழிஞ்சமலையில் தமிழி எழுத்துகளும் தீர்த்தங்கரர் சிற்பமும்.

இத்தனையும் இருக்கிற இடத்தை ஒட்டித்தான் 2024 நவம்பர் 7-ம் தேதி அந்த அறிவிப்பு வந்தது. 'நாயக்கர்பட்டி டங்ஸ்டன் பிளாக்' என்ற பெயரில், சுமார் 2,015 ஹெக்டேருக்கான ஏலத்தில் ஹிந்துஸ்தான் ஜிங்க் நிறுவனம் தேர்வானதாக மத்தியச் சுரங்க அமைச்சகம் தெரிவித்தது. ஏக்கர் கணக்கில் சொன்னால் கிட்டத்தட்ட 5,000.

அதற்குப் பிறகு மேலூர் வட்டாரத்தில் நடந்ததை ஊரே பார்த்தது. கிராம சபைகளில் தீர்மானம். டிசம்பர் 9-ம் தேதி சட்டமன்றத்தில் தீர்மானம். 2025 ஜனவரி 7-ம் தேதி நரசிங்கம்பட்டியில் இருந்து மதுரை தல்லாகுளம் தலைமைத் தபால் நிலையம் நோக்கி ஆயிரக்கணக்கானோர் நடையும் வண்டியுமாகக் கிளம்பினார்கள். காலையில் டீ குடித்துவிட்டு நீங்கள் வந்த அதே சாலைதான். ஜனவரி 23-ம் தேதி ஏலத்தை ரத்து செய்வதாக மத்திய அரசு அறிவித்தது.

அறிவிப்புக்கும் ரத்துக்கும் நடுவே 77 நாள்கள். கரையில் நின்று ஒருமுறை சுற்றிப் பார்த்தால் போதும். இந்தத் தண்ணீரும் வயலும் போனால் ஊரில் என்ன மிஞ்சும் என்று அவர்கள் ஏன் பயந்தார்கள் என்பது புரிந்துவிடும்.

தமிழின் மிகப் பழைய கையெழுத்து

அடுத்தது பக்கத்திலேயே இருக்கும் மாங்குளம் கல்வெட்டு. மீனாட்சிபுரம் மலையில் படியேறிப் போனால் துறவிகள் தங்கிய குகைத்தளங்கள், பாறையில் செதுக்கிய கற்படுக்கைகள், மேலே எழுத்துகள். 1882-ல் ராபர்ட் சிவெல் இவற்றைக் கண்டறிந்து வெளியுலகுக்குச் சொன்னார். ஆனால், அவை தமிழ்தான் என்று தெரிய 1924 வரை ஆனது. அதைச் சொன்னவர் கல்வெட்டு அறிஞர் கே.வி.சுப்பிரமணிய ஐயர். பிறகு ஐராவதம் மகாதேவன் இந்த எழுத்துகளில் நெடுஞ்செழியன் என்ற பாண்டிய மன்னனின் பெயரைப் படித்துக் காட்டினார்.

கணிநந்தா என்ற துறவிக்கு அரசனின் ஆட்களும், வெள்ளறை என்ற ஊரின் வணிகர் குழுவும் இந்தப் பள்ளியைச் செய்து கொடுத்திருக்கிறார்கள். கி.மு. 2-ம் நூற்றாண்டைச் சேர்ந்தவையாகக் கருதப்படும் இவை, இதுவரை கிடைத்த தமிழிக் கல்வெட்டுகளில் மிகப் பழையவற்றில் அடங்கும். பள்ளிப் பிள்ளைகளை அழைத்துவந்தால், பாடப்புத்தகத்தில் பார்த்த 'அ', 'ம', 'க' எப்படி இருந்தன என்று நேரில் காட்டலாம். கேமராவில் தெளிவாகத் தெரிய வேண்டும் என்று எழுத்தின் மேல் சாக்பீஸ் தேய்ப்பது மட்டும் வேண்டவே வேண்டாம். முற்பகல் சாய்வு வெளிச்சத்திலேயே நன்றாகத் தெரியும்.

கண்மாய் என்றால் வெறும் குளம் இல்லை

மேலூர் போய்ச் சேரும்வரை சாலையோரம் கண்மாய் மாற்றிக் கண்மாய் வரும். ஒன்று நிரம்பினால் கலுங்கு வழியாக மறுகால் பாய்ந்து அடுத்ததுக்குப் போகும். மடை திறந்தால் வயலுக்கு. மேட்டில் இருந்து பள்ளம் வரை சங்கிலிபோல் கோத்த ஏற்பாடு இது. மேலே ஒரு வரத்துக்கால் அடைபட்டால், கீழே நான்கு ஊர் காயும்.

கோடையில் தண்ணீர் வற்றும்போது வந்தால் இன்னொரு காட்சி கிடைக்கும். மேலூர் பகுதியின் மீன்பிடித் திருவிழா. ஊர்ப் பெரியவர்கள் துண்டை வீசிச் சைகை காட்டியதும், கரையில் காத்திருந்த கூட்டம் ஊத்தா, கச்சா, வலையோடு மொத்தமாகக் கண்மாய்க்குள் இறங்கும். சாதி, மதம் பார்க்காமல் பக்கத்து ஊர்க்காரர்களும் வருவார்கள். பிடித்த மீனை விற்பதில்லை. அன்றைக்கு எல்லோர் வீட்டிலும் மீன் குழம்புதான்.

மதியம்: மேலூர், கீழவளவு

மேலூரில் சாப்பாடு. முடித்துவிட்டு திருப்பத்தூர் சாலையில் சுமார் 10 கிலோமீட்டர் போனால் கீழவளவு. பஞ்சபாண்டவர் மலை என்று ஊரில் சொல்லும் குன்றில் தமிழி எழுத்தும், 9-ம் நூற்றாண்டைச் சேர்ந்த தீர்த்தங்கரர் சிற்பங்களும் இருக்கின்றன. பெரிய பெரிய உருண்டைப் பாறைகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி உட்கார்ந்திருக்கும் அழகே தனி.

ஆனால், இங்கே பார்க்க வேண்டியது மலையை மட்டும் இல்லை. சுற்றிலும் கிரானைட் வெட்டி எடுத்த பள்ளங்களும், அடுக்கி வைத்த கல் பாளங்களும். 2012-ல் இந்த வட்டாரத்தின் கிரானைட் முறைகேடு புகார்கள் நாட்டையே திரும்பிப் பார்க்க வைத்தன. 2014-ல் அது பற்றி விசாரிக்க ஐ.ஏ.எஸ். அதிகாரி உ.சகாயத்தை சென்னை உயர் நீதிமன்றம் நியமித்தது. காலையில் முழுசாக ஒரு மலை, மதியம் அறுத்துப்போட்ட மலை. இரண்டையும் ஒரே நாளில் பார்ப்பது இந்தப் பயணத்தில் மட்டும்தான் நடக்கும்.

ஒரு எச்சரிக்கை: கைவிட்ட குவாரிப் பள்ளத்தில் பச்சையாகத் தண்ணீர் நிற்கும். இறங்கிக் குளிக்கலாம் என்று ஆசை வரும். செங்குத்தான கரை, ஆழம் தெரியாத தண்ணீர். ரீல்ஸுக்காகக்கூட வேண்டாம்.

சாயங்காலம்: அழகர்மலைக் காற்று

மேலூருக்குத் திரும்பி அழகர்கோவில் சாலையைப் பிடித்தால் இந்த நாளின் அழகான தூரம் இதுதான். எதிரே அழகர்மலை நீளமாகக் கிடக்க, சாலை அதை நோக்கியே ஓடும். மதியம் நடை சாத்தியிருக்கும் என்பதால் நாலு மணி வாக்கில் போய்ச் சேர்வது சரி.

கோயில் வாசலில் பதினெட்டாம்படிக் கருப்பு. அடைத்த கதவுதான் சந்நிதி. இங்கே பொய் சொல்ல யாருக்கும் துணிச்சல் வராது. உள்ளே சித்திரா பௌர்ணமிக்கு வைகையில் இறங்கும் கள்ளழகர். மலைமேல் பழமுதிர்சோலை முருகன், அதற்கும் மேலே ராக்காயி அம்மன் கோயிலில் நூபுர கங்கை. மலைச்சாலையில் குரங்குகள் அதிகம். பைக்கின் பக்கப் பையில் தின்பண்டம் இருந்தால் ஜிப்பைத் திறக்கும் அளவுக்குக் கில்லாடிகள். இருட்டுவதற்குள் இறங்கிவிடுங்கள்.

இறங்கி வந்ததும் அழகர்கோவில் தோசை. அரிசியும் உளுந்தும் மிளகும் சுக்கும் சேர்த்து நெய்யில் சுட்டெடுக்கும் தடிமனான பிரசாதம். ஒன்றை இரண்டு பேர் பிய்த்துச் சாப்பிட்டாலே வயிறு நிறையும்.

கள்ளந்திரி: கடைசி நிறுத்தம்

மதுரைக்குத் திரும்பும் வழியில் கள்ளந்திரி. பெரியாறு பிரதானக் கால்வாய் சாலையைக் கடக்கும் இடம். பென்னிகுவிக் கட்டி 1895-ல் திறக்கப்பட்ட முல்லைப் பெரியாறு அணையின் தண்ணீர், வைகை வழியாகப் பேரணைக்கு வந்து, அங்கிருந்து இந்தக் கால்வாயில் ஓடிவருகிறது. கள்ளந்திரி வரை இருக்கும் சுமார் 45,000 ஏக்கருக்கு இருபோகம். அதற்கு அப்பால் மேலூர் வரையிலான சுமார் 85,000 ஏக்கருக்கு ஒருபோகம். காலையில் இருந்து பார்த்த பச்சையில் பெரும்பகுதியின் கணக்கு இந்த மதகில்தான் இருக்கிறது. ஒருபோகப் பகுதிக்கு எப்போது தண்ணீர் திறப்பார்கள் என்று மேலூர் விவசாயி ஒவ்வொரு வருடமும் காத்திருப்பது இதற்காகத்தான்.

தண்ணீர் ஓடும் நாளில் போனால் கால்வாய்ப் பாலத்தில் வண்டியை ஓரங்கட்டிவிட்டு ஐந்து நிமிடம் நில்லுங்கள். அந்தக் குளிர்ச்சிக்கு எந்த ஏ.சி-யும் ஈடில்லை.

கிளம்பும் முன் கவனிக்க...

* மழைக்குப் பிறகு, கார்த்திகை முதல் மாசி வரை நல்ல காலம். கண்மாயில் தண்ணீரும் வயலில் பயிரும் இருக்கும். சித்திரை வெயிலில் பாறை ஏறுவது பெரியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் ஆகாது.

* 100 சிசி வண்டியே தாராளம். ஒரே இழுப்பாக ஓட்டாமல், இடத்துக்கு இடம் நிறுத்திப் போகும் பயணம் இது. கிராமச் சாலையில் பெட்ரோல் பங்க்கைத் தேடி அலையாமல் ஒத்தக்கடையிலோ மேலூரிலோ நிரப்பிக்கொள்ளுங்கள்.

* சிட்டம்பட்டி டோல்கேட்டில் டூவீலருக்குக் கட்டணம் இல்லை. ஆனால், நான்குவழிச் சாலையில் யூ-டர்ன் தூரம் என்று எதிர்த்திசையில் ஓட்டாதீர்கள். இரண்டு பேருக்கும் ஹெல்மெட் கட்டாயம்.

* அறுவடைக் காலத்தில் சாலையில் நெல் காயும். மெதுவாக ஒதுங்கிப் போங்கள். சறுக்கினால் உங்களுக்கும் அடி, அவர்களுக்கும் நஷ்டம்.

* ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், தொப்பி, பிடிமானமான செருப்பு அல்லது ஷூ அவசியம். காலி பாட்டிலை பையிலேயே வைத்துத் திரும்பக் கொண்டுவாருங்கள்.

* பாறையில் பெயர் எழுதாதீர்கள். கூடு கட்டிய வல்லூறுக்கு அருகே டிரோன் பறக்கவிடாதீர்கள். கரையில் நிற்கும் ஊர்க்காரரிடம், 'அய்யா, இந்தப் பக்கம் போலாமா?' என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போங்கள். வழியோடு சேர்த்து, எந்தப் பாறைக்கு என்ன பெயர், எந்த வருடம் எந்தக் கண்மாய் உடைந்தது என்பது வரை சொல்லி அனுப்புவார்கள்.