டாக் வாங்கப் போகிறீர்களா? காதைக் கேளுங்கள், விலையைக் கேட்காதீர்கள்!

கம்ப்யூட்டர் வாங்கியாயிற்று. இளையராஜா, ரஹ்மான் பாடல்களை ஹார்ட் டிஸ்க் முழுக்க நிரப்பியும் ஆயிற்று. இந்த நேரம் பார்த்து நண்பர் ஒருவர் வருவார். இரண்டு பாட்டு கேட்பார். "எல்லாம் சரி, ஒரு நல்ல டாக் வாங்கிப் போடுங்க, அப்புறம் பாருங்க" என்று சொல்லிவிட்டுக் காபி குடித்துவிட்டுப் போய்விடுவார். இணையத்தில் தேடினால் உங்களுக்குத் தலை சுற்றும். ஆயிரம் ரூபாய்க்கும் டாக் இருக்கிறது, பத்து லட்சம் ரூபாய்க்கும் இருக்கிறது. பெயர் ஒன்று, வேலையும் ஒன்று. பிறகு ஏன் இந்த வித்தியாசம்?

டாக் என்பது டிஜிட்டல் டு அனலாக் கன்வெர்ட்டர் என்பதன் சுருக்கம். கம்ப்யூட்டரில் பாட்டு எண்களாகத்தான் இருக்கிறது. ஆடியோ சிடியில் ஒவ்வொரு சேனலுக்கும் ஒரு நொடிக்கு 44,100 எண்கள். ஒவ்வொன்றும் 16 பிட், அதாவது 65,536 படிகளில் ஏதோ ஒரு படி. ஸ்பீக்கருக்கு எண் புரியாது. ஏறி இறங்கும் மின்னழுத்தம்தான் புரியும். எண்ணை மின்னழுத்தமாக மாற்றித் தருவது டாக். இது உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. மதர்போர்டில் உள்ள சவுண்ட் சிப்புக்குள்ளேயே ஒரு டாக் உண்டு. மொபைல் போனிலும் உண்டு. நண்பர் சொன்னது, அதை விட்டுவிட்டு வெளியே யுஎஸ்பியில் செருகும் தனிப் பெட்டியை.

விலை வித்தியாசத்துக்கு ஓர் உதாரணம். இங்கிலாந்தின் கார்ட் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனம் 2015இல் இரண்டு டாக்குகளை வெளியிட்டது. மோஜோ என்ற சட்டைப்பை அளவுப் பெட்டி 399 பவுண்டு. டேவ் என்ற பெரிய பெட்டி ஏறக்குறைய 8,000 பவுண்டு. அன்றைய மதிப்பில் சுமார் எட்டு லட்சம் ரூபாய். இரண்டையும் வடிவமைத்தவர் ஒரே பொறியாளர், ராப் வாட்ஸ். இன்னொரு பக்கம், ஆப்பிள் நிறுவனம் அமெரிக்காவில் 9 டாலருக்கு விற்ற யுஎஸ்பி-சி ஹெட்போன் அடாப்டரைப் பாருங்கள். விரல் நீள ஒயர்தான். அதற்குள்ளும் ஒரு டாக் இருக்கிறது. கருவி வைத்து அளந்து பார்த்தவர்கள் அதன் இரைச்சலும் சிதைவும் இவ்வளவு குறைவா என்று வியந்தார்கள். (ஒரு எச்சரிக்கை: பல ஆண்ட்ராய்டு போன்களில் இதைச் செருகினால் சத்தம் குறைவாகவே வரும். விண்டோஸில் அந்தத் தொல்லை இல்லை.)

அப்படியானால் எட்டு லட்சம் கொடுப்பவர்கள் ஏமாளிகளா? அவர்களுக்குக் கிடைப்பது நல்ல உலோகப் பெட்டி, பலவகை இணைப்புகள், பெரிய ஹெட்போன்களையும் எளிதாக ஓட்டும் திறன், கேட்பதற்கு முன்பே கிடைக்கும் ஒரு திருப்தி. இவை எல்லாம் மதிப்புள்ளவைதான். ஆனால் கேள்வி காதைப் பற்றியது.

இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் மேயர், மோரன் என்ற இருவர் உயர்தர எஸ்ஏசிடி, டிவிடி-ஆடியோ இசையை ஒரு முறை நேரடியாகவும், ஒரு முறை சாதாரண சிடி தரத்துக்கு இறக்கியும் ஒலிக்கச் செய்தார்கள். எது எது என்று கேட்பவருக்குத் தெரியாது. 2007இல் வெளியான முடிவின்படி 554 முயற்சிகளில் 276 முறைதான் சரியான விடை வந்தது. பூவா தலையா போட்டிருந்தாலும் இதே கணக்குத்தான். லண்டன் குயின் மேரி பல்கலைக்கழகத்தின் ஜோஷுவா ரைஸ் 2016இல் இத்தகைய 18 ஆய்வுகளை ஒன்று சேர்த்துப் பார்த்தபோது சற்றே வேறு விடை கிடைத்தது. சராசரியாக 52 சதவீதத்துக்குச் சற்று மேல். பயிற்சி பெற்ற காதுகளுக்கு இன்னும் கொஞ்சம் கூடுதல். ஆக, வித்தியாசம் இல்லவே இல்லை என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் அது மிகச் சிறியது.

மின்விசிறியும் மலை அமைதியும்

மேயர், மோரன் சோதனையில் ஒரு சுவையான விஷயம் உண்டு. பாட்டின் மிக மெல்லிய இடத்தில் சத்தத்தை வழக்கத்தைவிட மிக அதிகமாகக் கூட்டி வைத்தபோது மட்டும் சிடி தரத்தின் இரைச்சல் காதில் விழுந்தது. இதை நம் ஊருக்குப் பொருத்திப் பாருங்கள். 16 பிட் இசையில் மிக உரத்த ஒலிக்கும் இரைச்சலுக்கும் இடையே சுமார் 96 டெசிபல் இடைவெளி. கள்ளக்குறிச்சியில் ஏப்ரல், மே மாதங்களில் மின்விசிறி இல்லாமல் யாராவது உட்கார்ந்து பாட்டுக் கேட்பார்களா? விசிறி ஓடும் அறையில் 40 முதல் 50 டெசிபல் சத்தம் எப்போதும் இருக்கும். சேலம் சாலையில் போகும் பஸ் ஹார்ன் தனிக் கணக்கு. ஆயிரம் ரூபாய் டாக்கின் இரைச்சல் அந்த விசிறிச் சத்தத்துக்கு வெகு ஆழத்தில் புதைந்து கிடக்கும். பத்து லட்ச ரூபாய் டாக்கின் இரைச்சல் இன்னும் ஆழத்தில் கிடக்கும். இரண்டுமே உங்கள் காதுக்கு எட்டாது.

கல்வராயன் மலை மேலே வெள்ளிமலையிலோ கரியாலூரிலோ இரவு பத்து மணிக்கு ஹெட்போன் மாட்டினால் கதை வேறு. அங்கே குளிருக்கு விசிறி வேண்டாம், வண்டிச் சத்தமும் அடங்கியிருக்கும். நல்ல கருவியின் அருமை தெரிய வேண்டுமென்றால் அப்படி ஓர் இடத்தில்தான் தெரியும். ஆனால் மலை வளைவுகளில் சிக்னல் வந்து வந்து போகும். சிடி தரத்தில் நாலரை நிமிடப் பாட்டு ஒன்று சுருக்காமல் இருந்தால் 47 எம்பிக்கு மேல். தரம் குறையாமல் சுருக்கும் ஃப்ளாக் முறையில் வைத்தாலும் 25, 30 எம்பி ஆகும். ஆகவே கீழேயே டவுன்லோடு செய்து கொண்டு ஏறுங்கள்.

முதலில் பாட்டைப் பாருங்கள்

ஒரு சிடியில் நூற்றைம்பது பாட்டு என்று எம்பி3 சிடிக்கள் விற்ற காலம் நினைவிருக்கிறதா? 128 கேபிபிஎஸ் வேகத்தில் நாலரை நிமிடப் பாட்டு நாலே கால் எம்பிதான். அதனால்தான் 700 எம்பி சிடியில் அத்தனை அடைக்க முடிந்தது. பழைய கேசட்டிலிருந்து எடுத்து, அதையும் இப்படிப் பிழிந்து வைத்த பாட்டை எந்த டாக்கில் போட்டாலும் போனது திரும்பாது. நல்ல சிடியை வாங்கி நீங்களே ஃப்ளாக் ஆக்கிக் கொண்டால் கிடைக்கும் முன்னேற்றம், டாக்கை மாற்றுவதால் கிடைப்பதைவிடப் பல மடங்கு அதிகம். ஸ்பீக்கரும் அப்படித்தான். திருவிழாவில் கட்டும் குழாய் ஸ்பீக்கரில் தாழ்ந்த பேஸும் வராது, மேல் ஸ்தாயியும் சரியாக வராது. அதற்குப் பின்னால் எட்டு லட்ச ரூபாய் டாக்கை வைத்தாலும் அது குழாய் ஸ்பீக்கர்தான்.

இருபதாயிரம் ரூபாய் கையில் இருந்தால் டாக்குக்கு ஓரிரு ஆயிரம் ஒதுக்கி, மீதியை ஸ்பீக்கரிலோ ஹெட்போனிலோ போடுங்கள் என்பதே என் யோசனை. ஸ்பீக்கர் பெட்டியைத் தச்சரிடம் செய்து கொள்ளலாமே என்று சிலர் கேட்பார்கள். மரச்சிற்பத்துக்கு 2021இல் புவிசார் குறியீடு பெற்ற ஊர் கள்ளக்குறிச்சி. கைத்திறனுக்குப் பஞ்சமில்லை. ஆனால் பெட்டிக்குத் தேக்கைவிட எம்டிஎஃப் பலகை நல்லது. அது மரத்தைப் போல ஒலியோடு சேர்ந்து அதிராது, பருவத்துக்குப் பருவம் வளையாது.

டாக் நிச்சயமாக உதவும் இடம் ஒன்று உண்டு. மவுஸை நகர்த்தும்போது ஸ்பீக்கரில் கரகர என்று சத்தம் வருகிறதா? கம்ப்யூட்டருக்குள் இருக்கும் மற்ற பாகங்களின் மின் இரைச்சல் சவுண்ட் சிப்பில் கலக்கிறது. முதலில் கேபினெட்டின் முன்பக்கத் துளையை விட்டுப் பின்பக்கத் துளையில் ஒயரைச் செருகிப் பாருங்கள். முன்பக்கத்துக்குப் போகும் ஒயர் கிராபிக்ஸ் கார்டை ஒட்டிச் செல்வதால் இரைச்சலை இழுத்துக் கொள்ளும். அப்போதும் போகவில்லை என்றால் மலிவான வெளி டாக்கே பெரும்பாலும் போதும். லேப்டாப்பில் சார்ஜரைப் பிடுங்கினால் உறுமல் நிற்கிறது என்றால் கோளாறு எர்த்தில். எலெக்ட்ரீஷியனை அழைத்து எர்த் இணைப்பைச் சோதியுங்கள். சத்தம் நிற்கிறது என்பதற்காக மூன்றாவது பின்னை உடைக்கும் வழக்கம் உயிருக்கு ஆபத்து. கரண்ட் போனதும் உறுமல் ஆரம்பித்தால், உங்கள் இன்வெர்ட்டர் ஸ்கொயர் வேவ் வகையா என்று பாருங்கள். சைன் வேவ் இன்வெர்ட்டரில் இந்தத் தொல்லை மிகக் குறைவு.

கடையில் ஒப்பிட்டுக் கேட்கும்போது ஒரு விஷயத்தில் கவனம் தேவை. இரண்டில் எது சற்று உரக்க ஒலிக்கிறதோ அதுதான் நன்றாக இருப்பதாகக் காது சொல்லும். உரக்க இருக்கிறது என்றுகூடத் தோன்றாது. "தெளிவாக இருக்கிறது" என்றே தோன்றும். 60 ஹெர்ட்ஸ் டோன் ஒன்றை ஓடவிட்டு, ஸ்பீக்கர் முனைகளில் மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து, இரண்டு டாக்கிலும் ஒரு சதவீதத்துக்குள் ஒரே அளவு வரும்படி வால்யூமைச் சரிசெய்யுங்கள். பிறகு வீட்டில் ஒருவரைக் காசு சுண்டிப் போடச் சொல்லி, உங்களுக்குத் தெரியாமல் மாற்றி மாற்றி ஒலிக்கச் செய்யுங்கள். பதினாறு முறையில் பன்னிரண்டாவது சரியாகச் சொன்னால் வித்தியாசம் உண்மை என்று எடுத்துக் கொள்ளலாம். குருட்டாம்போக்கில் அது நடக்க நூற்றில் நான்கு வாய்ப்புத்தான். எட்டு, ஒன்பது என்று வந்தால் பணத்தைப் பையிலேயே வைத்துக் கொள்ளுங்கள்.

சிப்பின் பெயரைச் சொல்லி விற்பதையும் பெரிதாக எடுக்க வேண்டாம். 2020 அக்டோபரில் ஜப்பானில் ஏகேஎம் நிறுவனத்தின் தொழிற்சாலை தீப்பிடித்தது. சிப் கிடைக்காமல் பல தயாரிப்பாளர்கள் இஎஸ்எஸ் சிப்புக்கு மாறினார்கள். வாங்கியவர்கள் தொடர்ந்து பாட்டுக் கேட்டுக் கொண்டுதான் இருந்தார்கள். அதைவிட, பழுதானால் எந்த ஊருக்கு அனுப்ப வேண்டும், வாரண்டி இந்தியாவில் செல்லுமா என்று கேட்டு வாங்குங்கள்.

வாங்கி வந்து செருகியதும், விண்டோஸில் செட்டிங்ஸ், சிஸ்டம், சவுண்ட் பகுதிக்குப் போய் புதிய டாக்கை அவுட்புட் ஆகத் தேர்வு செய்யுங்கள். பலர் இதை மறந்துவிட்டுப் பழைய சவுண்ட் சிப்பிலேயே கேட்டுக் கொண்டிருப்பார்கள். அதன் ப்ராப்பர்ட்டீஸில் ஃபார்மட் என்ற இடத்தில் 24 பிட், 44,100 ஹெர்ட்ஸ் வையுங்கள்; சினிமா அதிகம் பார்ப்பவர்கள் 48,000 வைக்கலாம். விண்டோஸ் வால்யூமை முழுதாக ஏற்றுவதற்கு முன், ஆம்ப்ளிஃபயர் வால்யூமை இறக்கி வைத்துக் கொள்ளுங்கள்.