பாட்டியிடம் மைக் இல்லை

ராசாவில் எங்கள் வீட்டில் சொந்தக்காரர்கள் கூடினால், எல்லாரும் பாட்டியைத்தான் பிடித்துக்கொள்வோம். "கிராணி எப்படி வருவாரு பாட்டி?" என்றால் போதும். துடைப்பத்தைத் தோளில் காண்டாக்கம்பாக வைத்து, பால்வாளி சுமக்கும் பெண்ணாக நிற்பார். அடுத்த நொடி, பெரட்டுக்குப் பிந்தி வந்ததற்காக அவளை அதட்டும் கிராணியாகிவிடுவார். அத்தைகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். தாத்தாவின் மோட்டார் சத்தம் கேட்டதும் துடைப்பம் மூலைக்குப் போய்விடும்.

தோட்டத்துத் திருவிழா நாடகங்களில் பெண் வேடத்தையும் ஆண்களே கட்டினார்கள் என்பார் பாட்டி. நலுங்கில் மாப்பிள்ளை வீட்டாரைக் கேலி செய்து பாடப் பெண்களுக்கு உரிமை இருந்தது. மேடை ஏறத்தான் இல்லை.

சென்ற ஆண்டு கோலாலம்பூரில் ஓர் ஓப்பன் மைக் நிகழ்ச்சிக்குப் பெயர் கொடுத்தேன். என்னைப் பெண் பார்க்க வந்த கதையை 5 நிமிடம் பேசினேன். கால் நடுங்கியதை நீளப் பாவாடை மறைத்தது.

எனக்கு அடுத்து வந்தவர் ஒரு தம்பி. "எப்போ கல்யாணம்?" என்று கேட்கும் அத்தைகளைப் பற்றிப் பேசிக்கொண்டே, தனக்குப் பிடித்தது ஆண்களைத்தான் என்பதைப் போகிற போக்கில் சொன்னார். இரண்டு நொடி யாரும் மூச்சுவிடவில்லை. பிறகுதான் சிரிப்பு வந்தது, பெரிதாகவே. அவர் கொடுத்திருந்தது சொந்தப் பெயர் அல்ல. யாரும் படம் எடுக்க வேண்டாம் என்றும் முன்பே கேட்டுக்கொண்டிருந்தார். அந்தப் பயம் வீண் இல்லை. 2022இல் தலைநகரின் கிராக்ஹவுஸ் காமெடி கிளப்பில் ஒரு பெண் மேடையில் செய்தது வழக்கு வரை போனது. கிளப்பின் உரிமமும் பறிபோனது.

என் காணொளித் துண்டு உறவினர்களின் கைப்பேசிகளில் சுற்றிவிட்டு அம்மாவிடம் வந்து சேர்ந்தது. "வீட்டு விஷயத்தை ஊர் சிரிக்கச் சொல்லுவியா?" என்றார். பத்து நாள் சரியாகப் பேசவில்லை.

அந்த நாட்களில்தான் டி'லோவைத் தேடிப் பார்த்தேன். இலங்கைத் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்து, கலிஃபோர்னியாவின் லேன்காஸ்டரில் வளர்ந்த திருநர் கலைஞர். தன் அம்மாவாகவே மேடையில் நின்று, இப்படிப்பட்ட பிள்ளையைப் பெற்ற தாயின் கவலையைப் பேசுகிறார். முதலில் அம்மாவின் ஆங்கிலத்துக்குச் சிரித்தேன். போகப் போக அந்த அம்மாவை எனக்குப் பிடித்துவிட்டது. லண்டனில் சிந்து வீயும் அம்மா கதைகளைத்தான் சொல்கிறார். தமிழ் அப்பாவுக்குப் பிறந்தவர். வங்கித் துறையிலிருந்து வந்தவர். மூன்று பிள்ளைகளின் தாய். 2018இல் எடின்பரோவின் சிறந்த புதுமுக நகைச்சுவையாளர் விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டார்.

தமிழ் சினிமா பெண்களின் உடம்பையும் திருநங்கைகளின் நடையையும் காட்டி எத்தனை படங்களில் சிரிக்க வைத்திருக்கிறது! சிரிக்கப்பட்டவர்கள் பேச வந்தால், அதே வீடு, அதே அத்தை, அதே கல்யாணப் பேச்சு வேறு மாதிரி தெரிகிறது. எல்லா மேடைப் பேச்சும் நன்றாக இருக்கிறது என்று சொல்லமாட்டேன். என் இரண்டாவது நிகழ்ச்சி படுதோல்வி.

பதினோராம் நாள், பசியாறும்போது அம்மா தோசையைத் திருப்பியபடியே சொன்னார்: "அன்னிக்கு வந்தவங்க அஞ்சு பேர் இல்லடி, ஒம்பது பேர். வடை பத்தாம நான் பக்கத்து வீட்டுக்கு ஓடுனேனே, அதை ஏன் சொல்லல?"