பொருள் சொல்லாத பூந்தோட்டம்



யானைக்கவுனிப் பாலத்தின் கீழே வடநாட்டு ரயில்கள் ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். அவற்றுள் டெல்லி செல்லும் கிராண்ட் ட்ரங்க் வண்டி ஆக்ரா வழியாகவே போகிறது. அதில் ஏறிச் சென்று தாஜ்மஹாலைக் கண்டு திரும்பியவர்கள் பளிங்கு மாளிகையைப் பற்றி வாய் ஓயாமல் பேசுவார்கள். முன்னே விரிந்த தோட்டத்தைப் பற்றிக் கேட்டால், "புல்வெளி இருந்தது" என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள்.

தோட்ட வடிவமைப்புப் பயிலும் இன்றைய மாணவர், ஒரு கருத்தையே தோட்டமாக்கி, பொருளைக் காண்போரிடம் விட்டுவிட முயல்கிறார். அவருக்கு இதைவிடச் சிறந்த பாடம் வேறில்லை.

மும்தாஜ் பேகம் 1631இல் மறைந்தார். அடுத்த ஆண்டே ஷாஜஹான் பணியைத் தொடங்கினார். ஏறத்தாழ 300 மீட்டர் பக்கமுள்ள சதுரத் தோட்டத்தை நீரோடைகளும் நடைபாதைகளும் நான்காகப் பகுக்கின்றன. பாரசீகத்தில் இதற்குச் 'சஹார் பாக்' என்று பெயர். திருக்குர்ஆனின் 47ஆம் அத்தியாயம் கூறும் சுவனத்து நீர், பால், மது, தேன் ஆறுகளை இது நினைவூட்டுவதாகப் பலர் கூறுவர்.

ஒரு புதிர்

டெல்லியில் ஹுமாயூனின் கல்லறை தோட்டத்தின் நடுவே நிற்கிறது. தாஜோ வடகோடியில், யமுனைக் கரையில் நிற்கிறது. ஏன்?

தோட்டம் மஹ்ஷர் மைதானத்தையும், மாளிகை இறைவனின் அர்ஷையும் குறிப்பதாக 1979இல் அமெரிக்க அறிஞர் வெய்ன் பெக்லி எழுதினார். ஆக்ராவின் ஆற்றங்கரைத் தோட்டங்களில் முதன்மைக் கட்டடத்தைக் கரையோரம் எழுப்புவதே வழக்கம் என்பது வரலாற்றாசிரியர் எப்பா கோக்கின் விளக்கம். எதிர்க்கரையிலுள்ள மஹ்தாப் பாக்கில் 1990களில் நடந்த அகழ்வாய்வில் எண்கோணக் குளம் வெளிப்பட்டது. அந்தத் தோட்டத்தையும் சேர்த்துப் பார்த்தால், தாஜ் நடுவிடத்துக்கே வந்துவிடுகிறது!

தோட்டத்தின் வாயிலில் அல்ஃபஜ்ர் அத்தியாயம் பொறிக்கப்பட்டுள்ளது. அமைதியடைந்த ஆன்மாவைச் சுவனத்துக்குள் அழைத்து முடியும் அத்தியாயம் அது. அதற்கு மேல் தோட்டம் எதையும் சொல்வதில்லை.

நாம் இழந்தது

அன்று நிழல் தரும் மரங்களும் மலர்ப் பாத்திகளும் செறிந்திருந்த இடம், ஆங்கிலேயர் ஆட்சியில் பெரும்பாலும் புல்வெளியாயிற்று. பார்வை நேரே மாளிகைக்குச் செல்ல வேண்டும் என்பது அவர்களின் விருப்பம். காதல் சின்னம் என்ற ஒரே பொருள் மனத்தில் நிலைத்தபோது, நம் கண்களிலிருந்தும் தோட்டம் மறைந்துவிட்டது.

என்னிடம் ஓதும் சிறுவர்களிடம் ஒருநாள், "சுவனத்துத் தோட்டம் எப்படி இருக்கும்? வரையுங்கள்" என்றேன். ஒருவன் மரம் வரைந்தான். ஒருவன் ஆறு வரைந்தான். தண்ணீர் லாரிக்குக் காத்திருக்கும் வீட்டுப் பிள்ளை ஒருவன், குழாயையும் நிரம்பி வழியும் குடத்தையும் வரைந்தான். எதைத் தவறென்று திருத்துவது? சிவப்பு மையை மூடி வைத்துவிட்டேன்.

நம் உலமாக்கள் விரிவுரை எழுதிய பின், 'வல்லாஹு அஃலம்' – அல்லாஹ்வே நன்கறிந்தவன் – என்று முடிப்பார்கள். ஆய்ந்து சொல், ஆனால் கதவை அடைத்துவிடாதே என்பதே அந்த ஒழுக்கம்.

அடுத்த முறை ஆக்ரா செல்லும்போது, வாயிலைக் கடந்ததும் படமெடுக்க விரையாதீர்கள். சற்றே நின்று, உங்கள் பிள்ளைகளிடம் கேளுங்கள்: "இந்தத் தோட்டத்தில் உனக்கு என்ன தெரிகிறது?"

அவர்கள் சொல்வதைப் பொறுமையோடு கேளுங்கள்.