டீபக் வரிகளை பில்ட் செய்யும்போதே நீக்குவது எப்படி?

ஒரு பில்லிங் ப்ரோக்ராம் எழுதுகிறீர்கள். தள்ளுபடி போட்ட பிறகு மொத்தத் தொகை தவறாக வருகிறது. எந்த இடத்தில் தவறு என்று தெரியவில்லை. உடனே நாம் எல்லோரும் செய்வது ஒன்றுதான். நான்கைந்து இடங்களில் 'பிரிண்ட்எஃப்' வரியைப் போட்டு, எந்த வேரியபிளில் என்ன மதிப்பு இருக்கிறது என்று பார்ப்போம். இதற்குத்தான் டீபக் லாகிங் என்று பெயர். தவறு கிடைத்ததும் ப்ரோக்ராம் சரியாகிவிடும். ஆனால் போட்ட வரிகள்?

பலர் அவற்றை அப்படியே விட்டுவிடுகிறார்கள். சிலர் கையால் அழிக்கிறார்கள். அடுத்த மாதம் வேறு தவறு வந்தால் மீண்டும் டைப் செய்ய வேண்டும். இரண்டுமே தேவையில்லை. வரிகள் ஸோர்ஸ் பைலிலேயே இருக்கட்டும். வாடிக்கையாளருக்குக் கொடுக்கும் காப்பியில் மட்டும் அவை இல்லாமல் கம்பைலரே பார்த்துக்கொள்ளும். அதற்கான வழியை இந்தக் கட்டுரையில் பார்ப்போம்.

விட்டுவிட்டால் என்ன நஷ்டம்?

தி.நகரில் ஒரு ஜவுளிக் கடைக்கு நீங்கள் பில்லிங் சாப்ட்வேர் எழுதியதாக வைத்துக்கொள்வோம். தீபாவளி சமயம். ஒரு நாளைக்கு 2,000 பில். ஒரு பில்லுக்கு 50 டீபக் வரிகள், வரிக்கு 100 பைட் என்றால் தினமும் சுமார் 10 எம்.பி. லாக் பைல் சேரும். வரிசையில் ஆட்கள் நிற்கும்போது, பில் போடும் ப்ரோக்ராம் லாக் பைலையும் எழுதிக்கொண்டிருக்கும்.

வேகம் குறைவதைவிடப் பெரிய ஆபத்து, அந்த வரிகளில் என்ன எழுதப்படுகிறது என்பது. வாடிக்கையாளரின் மொபைல் எண், பாஸ்வேர்டு, கார்டு எண் எல்லாம் சோதனைக்காகப் போட்ட வரியில் இருக்கலாம். டேட்டாபேஸில் பூட்டி வைத்த தகவல், பக்கத்திலேயே ஒரு டெக்ஸ்ட் பைலில் திறந்து கிடக்கும். பெரிய நிறுவனங்களும் இதற்கு விலக்கல்ல. 2018 மே மாதம் ட்விட்டர் நிறுவனம் தன் 33 கோடிக்கும் மேற்பட்ட பயனாளர்களை பாஸ்வேர்டை மாற்றும்படி கேட்டுக்கொண்டது. பாஸ்வேர்டுகள் உருமாற்றம் செய்யப்படுவதற்கு முன்பே, உள்ளது உள்ளபடி ஒரு உள் லாகில் பதிவாகியிருந்ததே காரணம்.

சி மொழியில் செய்யும் முறை

சி ப்ரோக்ராமை கம்பைல் செய்யும்போது முதலில் ப்ரீ ப்ராசஸர் என்ற பகுதி ஓடுகிறது. எந்த வரி கம்பைலருக்குப் போக வேண்டும், எது போகக்கூடாது என்று அதனிடம் சொல்லலாம். கீழே தமிழ் எழுத்தில் உள்ள கட்டளைகளை ஆங்கிலத்தில் டைப் செய்யவும்.

#இஃப்டெஃப் டீபக்
பிரிண்ட்எஃப்("தள்ளுபடிப் பகுதிக்கு வந்தாயிற்று");
#எண்ட்இஃப்

'டீபக்' என்ற பெயர் வரையறுக்கப்பட்டிருந்தால் மட்டுமே நடுவில் உள்ள வரி கம்பைல் ஆகும். இல்லையென்றால் அந்த வரி இயங்கும் பைலில் இடம்பெறவே இடம்பெறாது. ஜிசிசி பயன்படுத்துபவர்கள், கம்பைல் கட்டளையில் மைனஸ் குறியும் பெரிய 'டி' எழுத்தும் போட்டு, இடைவெளி இல்லாமல் இந்தப் பெயரைச் சேர்த்தால் டீபக் காப்பி தயார். சேர்க்காவிட்டால் கடைக்குக் கொடுக்கும் காப்பி தயார். ஸோர்ஸ் பைலில் ஒரு எழுத்தைக்கூட மாற்ற வேண்டியதில்லை.

ஒவ்வொரு இடத்திலும் மூன்று வரி எழுதுவது சிரமம் என்றால், ஒரு ஹெடர் பைலில் 'லாக்' என்ற பெயரில் ஒரு மேக்ரோவை டிஃபைன் செய்துகொள்ளுங்கள். டீபக் காப்பியில் அது பிரிண்ட்எஃப் ஆக மாறும். மற்றதில் வெறுமையாகிவிடும். சி மொழியின் 'அசெர்ட்' வசதியும் இதே முறையில்தான் இயங்குகிறது. 'என்டீபக்' என்ற பெயரை வரையறுத்தால் எல்லா அசெர்ட் வரிகளும் மறைந்துவிடும்.

ஆண்ட்ராய்டில்

ஆண்ட்ராய்டு 4.1 (2012) வருவதற்கு முன், அனுமதி பெற்ற ஒரு ஆப் மற்ற ஆப்களின் லாகையும் படிக்க முடிந்தது. அதன்பின் இந்த வழி மூடப்பட்டது. ஆனாலும் யுஎஸ்பி டீபகிங் இயக்கப்பட்ட போனை கம்ப்யூட்டரில் இணைத்து லாகைப் படிக்க இன்றும் முடியும். எனவே லாக் வரிகளை 'பில்ட்கான்ஃபிக்.டீபக்' என்ற இஃப் நிபந்தனைக்குள் எழுதுங்கள். ரிலீஸ் பில்டில் இதன் மதிப்பு ஃபால்ஸ் என்று முன்பே தெரிவதால், உள்ளே உள்ள வரிகள் நீக்கப்படும். 2023-இல் வந்த கிரேடில் ப்ளகின் 8 முதல் இந்த பைல் தானாக உருவாவதில்லை. கிரேடில் பைலில் பில்ட்கான்ஃபிக் வசதியை ட்ரூ என்று மாற்றிக்கொள்ள வேண்டும்.

நம் ஊரின் சிப்பிலும் இதே கதை

சாப்ட்வேரில் மறந்துபோனால் அடுத்த அப்டேட்டில் நீக்கிவிடலாம். சிலிக்கானில் செதுக்கிய பிறகு முடியுமா? அடையாறை ஒட்டியுள்ள ஐ.ஐ.டி. மெட்ராஸில் உருவான 'சக்தி' ப்ராசஸரின் வடிவமைப்பு ஓப்பன் ஸோர்ஸாக வெளியிடப்பட்டுள்ளது. யார் வேண்டுமானாலும் படித்துப் பார்க்கலாம். அதன் சி-கிளாஸ் ப்ராசஸரை பில்ட் செய்வதற்கான அமைப்புகளில் 'ட்ரேஸ் டம்ப்' என்று ஒன்று உண்டு. இதை ஆன் செய்து பில்ட் செய்தால், கம்ப்யூட்டரில் சிமுலேஷன் ஓடும்போது ப்ராசஸர் நிறைவேற்றும் கட்டளைகள் ஒரு பைலில் பதிவாகும். தவறைக் கண்டுபிடிக்க இது பெரிய உதவி. ஆனால் இது சிமுலேஷனுக்கு மட்டும்தான். சிப் செய்வதற்கான வடிவமைப்பில் இதற்கு இடமில்லை. 2018-இல் மொஹாலி செமிகண்டக்டர் லேபரட்டரியில் 180 நானோமீட்டர் முறையில் சக்தி சிப் ஒன்று தயாரானது. அப்படி ஒரு சிப் தொழிற்சாலைக்குப் போகும் முன்பே, எது உள்ளே இருக்கலாம், எது கூடாது என்று பில்ட் நிலையில் முடிவாகிவிட வேண்டும். நம் பில்லிங் ப்ரோக்ராமுக்கும் அதே ஒழுங்கு நல்லதுதானே?

கவனிக்க வேண்டியவை

1. டீபக் வரிக்குள் வேலை செய்யும் கட்டளையை எழுதாதீர்கள். பில் எண்ணை அச்சிடும் வரியிலேயே 'ப்ளஸ் ப்ளஸ்' போட்டு எண்ணைக் கூட்டினால், உங்கள் மேஜையில் எல்லாம் சரியாக ஓடும். கடையில் அந்த வரி இருக்காது. எல்லா பில்லுக்கும் ஒரே எண் விழும்!

2. இரண்டு காப்பிகளையும் அடிக்கடி கம்பைல் செய்யுங்கள். வேரியபிள் பெயரை மாற்றினால், பல மாதம் தொடாத டீபக் பகுதியில் பழைய பெயரே இருக்கும். தேவைப்படும் நாளில் அது கம்பைல் ஆகாது.

3. சோதனையைக் கடைக்குப் போகும் காப்பியில் ஒருமுறை முழுதாகச் செய்யுங்கள். டீபக் வரிகள் நீங்கும்போது வேகம் மாறும். அதுவரை மறைந்திருந்த தவறு வெளியே வரலாம்.

4. எல்லா லாகையும் நீக்கிவிடாதீர்கள். பிரிண்டர் இயங்கவில்லை, டேட்டாபேஸ் இணைப்பு அறுந்தது போன்ற பிழைச் செய்திகள் கடையிலும் தேவை. அதில் தேதி, நேரம், பில் எண் போதும். வாடிக்கையாளரின் விவரம் வேண்டாம்.

5. பாஸ்வேர்டு, கார்டு எண், ஓடிபி ஆகியவற்றை டீபக் காப்பியிலும் அச்சிடாதீர்கள். டீபக் காப்பியே தவறுதலாகக் கடைக்குப் போய்விட்டால் ஆபத்து.

நீங்கிவிட்டதா என்று பார்ப்பது எப்படி?

உங்கள் டீபக் செய்திகள் எல்லாவற்றின் முன்பும் ஒரே அடையாளச் சொல்லை ஆங்கிலத்தில் சேர்த்து எழுதுங்கள். பில்ட் முடிந்ததும், இயங்கும் பைலுக்குள் அந்தச் சொல்லைத் தேடுங்கள். லினக்ஸில் 'ஸ்ட்ரிங்ஸ்', விண்டோஸில் 'ஃபைண்ட்ஸ்டர்' கட்டளைகள் இதற்கு உதவும். டீபக் காப்பியில் அந்தச் சொல் கிடைக்க வேண்டும். வாடிக்கையாளர் காப்பியில் கிடைக்கக்கூடாது. கிடைத்தால், நிபந்தனைக்குள் வராத வரி எங்கோ ஒன்று தப்பியிருக்கிறது என்று பொருள். அதைச் சரிசெய்த பிறகே சாப்ட்வேரைக் கொடுங்கள்.