உடல் பருமனும் மன வேதனையும்

உடல் பருமன் என்றதும் சர்க்கரை, இரத்த அழுத்தம், மூட்டுவலி ஆகியவையே நம் நினைவுக்கு வருகின்றன. மனதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஆனால் இவ்விரண்டும் ஒன்றையொன்று இழுத்துச் செல்பவை. பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்து 2010-இல் வெளியான ஒரு மருத்துவ ஆய்வு, பருமனானவர்களுக்குப் பின்னாளில் மனச்சோர்வு நோய் வரும் வாய்ப்பு 55 சதவீதம் அதிகம் என்றது. மனச்சோர்வு உள்ளவர்கள் பருமனாகும் வாய்ப்பும் 58 சதவீதம் அதிகம் என்று அதே ஆய்வு கணக்கிட்டது.

கவலை நீடிக்கும்போது உடலில் கார்டிசால் என்ற ஹார்மோன் அதிகம் சுரக்கிறது. அது இனிப்பு, எண்ணெய்ப் பண்டங்களின் மீது ஆசையைத் தூண்டும். வயிற்றைச் சுற்றிக் கொழுப்பைச் சேர்க்கும். தூக்கம் கெட்டால் பசியும் கூடும். சோர்ந்த மனதுக்கு வாசலைத் தாண்டவே விருப்பமிருக்காது, பிறகு நடைப்பயிற்சி எங்கே? மனநோய்க்குத் தரப்படும் சில மாத்திரைகளும் எடையைக் கூட்டும். (அதற்காக நாமாக மாத்திரையை நிறுத்தக் கூடாது. மருத்துவரிடம் சொல்லி வழி கேட்க வேண்டும்.) தைராய்டு குறைவாகச் சுரந்தாலும் எடை ஏறும், மனமும் வாடும். சாதாரண இரத்தப் பரிசோதனையிலேயே அது தெரிந்துவிடும்.

பருமனானவர் மனம் நோவதற்கு நம் வாயும் ஒரு பெரிய காரணம். கல்யாண விருந்தில் உட்கார்ந்த பிள்ளையிடம் "இன்னுமா சாப்பிடுறே?" என்கிறோம். பிரசவமாகி நாற்பது கழியாத பெண்ணிடம் "என்னம்மா இப்படி ஊதிட்டே?" என்கிறோம். பெண் பார்க்கப் போன இடத்தில் பேசுவதை இங்கே எழுதவே கூசுகிறது. கேட்டால் அக்கறையில் சொன்னோம் என்போம். ஆனால் கேலிக்கு ஆளாகிறவர்கள் மறைவில் அதிகம் சாப்பிடுவதும், வெளியே வரத் தயங்குவதும், எடை மேலும் ஏறுவதும்தான் ஆய்வுகளில் தெரிகிறது.

அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 11-ஆம் வசனம் பரிகாசத்தையும் பட்டப்பெயரையும் தடுக்கிறது. இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்களின் மெலிந்த கால்களைப் பார்த்துத் தோழர்கள் சிரித்தபோது, மறுமையின் தராசில் அவை உஹத் மலையைவிடக் கனமானவை என்று நபி (ஸல்) அவர்கள் கூறியதாக ஹதீஸ் உண்டு. அங்கே மெலிவு, இங்கே பருமன்; கேலி ஒன்றுதான். வயிற்றில் மூன்றில் ஒரு பங்கு உணவுக்கு என்ற ஹதீஸை நாம் எல்லோரும் மனப்பாடமாக வைத்திருக்கிறோம். அடுத்தவர் தட்டைப் பார்க்கும்போது மட்டும் அது ஞாபகம் வருகிறது!

நம் நாட்டவருக்கு இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். கூடியிருந்தால் அந்த ஒருவருக்கு மட்டும் தனிச் சாப்பாடு வைத்து ஒதுக்காமல், வீட்டிலுள்ள அனைவருக்கும் எண்ணெயையும் சீனியையும் குறையுங்கள். நோன்பு திறக்கும்போது கஞ்சியோடு வடை, சமோசா எல்லாம் தினமும் தேவையா என்றும் பேசிக்கொள்ளலாம். ஆண்கள் ஃபஜ்ருக்குப் பின் நடக்கிறார்கள். பெண்களுக்கு நடக்க இடமில்லை என்பது நியாயமான குறை. மொட்டை மாடியில் அரைமணி நேரம் துணைக்கு ஒருவருடன் நடந்தாலும் உடலுக்கும் மனதுக்கும் நல்லது.

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமின்மை அல்லது ஓயாத தூக்கம், காரணமற்ற அழுகை, விசேஷங்களுக்கு வர மறுப்பது, பிடித்தவற்றிலும் நாட்டமின்மை ஆகியவை தெரிந்தால் ஈமான் குறைவு என்று முடிவுகட்டாதீர்கள். துஆவோடு மருத்துவமும் நபிவழியே. மருத்துவரிடம் எடையைப் பற்றி மட்டும் சொல்லாமல் தூக்கத்தையும் மனநிலையையும் சொல்லுங்கள். சாப்பிடும் மாத்திரைகளைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். மாவட்ட அரசு மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு. மத்திய அரசின் டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலேயே பேசலாம். "இருந்து என்ன பயன்" என்று ஒருவர் பேசத் தொடங்கினால் மறுநாள் வரை காத்திருக்காமல் அன்றே அழையுங்கள், அவரைத் தனியே விடாதீர்கள்.