அறுபது வீதக் கழிவும் ஒரு கொப்பியும்

2024 செப்டெம்பர் மாத முதற் சனிக்கிழமை, கல்முனையில் எமது சிறுசேமிப்புக் குழு கூடியிருந்தது. கணக்குப் பார்த்து முடிந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தோம். அப்போது குழுவிலுள்ள ராத்தா ஒருவர் தன்னுடைய தொலைபேசியை என் முன்னால் நீட்டினார்.

"தங்கச்சி, இதப் பாருங்க. கெமரா ஒண்டு. அறுபது வீதம் கழிவாம். இண்டைக்கு ராவு பன்னிரண்டு மணியோட முடியுதாம். சல்லி கட்டவா?"

திரையில் கறுப்பு நிறக் கெமரா ஒன்று இருந்தது. கீழே குறுக்குக் கோடு போட்டு 300,000 ரூபா. அதற்குக் கீழே சிவப்பு எழுத்தில் 120,000 ரூபா. பக்கத்தில் ஒரு கடிகாரம் விநாடி விநாடியாகக் குறைந்துகொண்டிருந்தது. ராத்தாவிடம் இருந்தது சீட்டு எடுத்த 90,000 ரூபா. மிகுதிக்கு மகளின் தோட்டை ஈடு வைக்கலாம் என்று எண்ணியிருந்தார்.

இவருடைய கணவர் 2007 ஆம் ஆண்டு வேலைக்கென்று போனவர், திரும்பி வரவில்லை. மூன்று பிள்ளைகள். இடியப்பம் அவித்தார், தைத்தார், கடந்த நான்கு வருடமாகக் கலியாண வீடுகளில் பெண்கள் பக்கத்தில் படம் எடுக்கிறார். எமது ஊர்களில் மணமகள் இருக்கும் அறைக்குள் ஆண் படப்பிடிப்பாளர் நுழைவதைப் பல குடும்பங்கள் விரும்புவதில்லை. மருதோன்றி போடும் இரவு, பெண்ணை அலங்கரிக்கும் நேரம், உம்மாவும் சாச்சிமாரும் கூடி நிற்கும் நேரம் எல்லாவற்றுக்கும் ஒரு பெண் வந்து எடுத்தால் நல்லது என்று கேட்டு அழைக்கிறார்கள். பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தபோது பெண்களின் வெளி, ஆண்களின் வெளி என்று பக்கம் பக்கமாக எழுதினேன். அந்த வெளிக்குள் ஒரு தொழில் இருக்கிறது என்பது இவர்களைக் கண்ட பிறகுதான் எனக்கு விளங்கியது.

ஆனால் கெமரா அவருடையதல்ல. உறவுக்காரப் பையன் ஒருவருடையது. கிடைக்கும் கூலியில் பாதி அவருக்குப் போய்விடும். அவருக்கும் அதே நாளில் வேலை இருந்தால் ராத்தாவுக்கு அன்று வேலையில்லை. ஆகவே சொந்தக் கெமரா என்பது இங்கே ஆடம்பரமல்ல, கூலியின் மறுபாதி.

"இன்று இரவு கட்ட வேண்டாம்" என்று சொன்னேன். ராத்தாவுக்கு என்மேல் கோபம்தான். நாளை விலை ஏறினால் நீங்களா தருவீர்கள் என்று முகத்துக்கு நேரே கேட்டார். நியாயமான கேள்வி. எனக்கும் அப்போது கெமராவைப் பற்றி அதிகம் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம் கொப்பி எழுதுவது. எமது குழுவில் ஐந்து ரூபா வந்தாலும் எழுதுகிறோம். இதையும் எழுதுவோம் என்றேன்.

நாற்பது பக்கக் கொப்பி ஒன்று எடுத்தோம். திகதி, கெமராவின் முழுப் பெயர், அதனோடு வரும் லென்ஸ், விற்பவர், கூரியர் செலவு சேர்த்த விலை, உத்தரவாதம் யார் தருகிறார் என்று கோடு போட்டோம். உயர்தரம் படிக்கும் மகள் கிழமைக்கு இரண்டு தடவை பார்த்து எழுதினார். கொழும்புக் கடைகள் இரண்டுக்குத் தொலைபேசி எடுத்து அவர்களுடைய சாதாரண விலையையும் கேட்டு எழுதினோம்.

அன்று நள்ளிரவோடு முடிய இருந்த விற்பனை அடுத்த கிழமை வேறொரு பெயரில் மறுபடியும் வந்தது. கடிகாரம் மீண்டும் முதலிலிருந்து ஓடியது. அந்தக் கெமராவைக் கொழும்புக் கடை ஒன்று எந்தப் பெருவிற்பனையும் இல்லாத நாளில் 125,000 ரூபாவுக்குக் கொடுத்தது. அதுவும் முகவர் உத்தரவாதத்தோடு. அப்படியானால் அறுபது வீதக் கழிவு என்பது உண்மையில் 5,000 ரூபா, அதாவது நான்கு வீதம். 300,000 ரூபாவுக்கு அதை யாரும் எங்கும் விற்றதாக எமது கொப்பியில் ஒரு வரியும் இல்லை.

குறுக்குக் கோடு போட்ட விலையை நம்பக் கூடாது என்பது எமக்கு மட்டும் வந்த அனுபவமல்ல. ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் 2022 மே 28 முதல் நடைமுறைக்கு வந்த விதிப்படி, விலையைக் குறைத்ததாக அறிவிக்கும் வியாபாரி அதற்கு முந்திய 30 நாட்களில் தான் விற்ற ஆகக் குறைந்த விலையைத்தான் பழைய விலையாகக் காட்ட வேண்டும். அங்கே சட்டம் செய்கிற வேலையை இங்கே மகளின் கொப்பி செய்தது.

இன்னொரு விடயமும் உண்டு. 2022 மார்ச் தொடக்கத்தில் ஒரு டொலர் சுமார் 200 ரூபா. மே மாதத்தில் அது 360 ரூபாவளவுக்குப் போனது. 2024 இல் 300 ரூபாவளவுக்கு இறங்கியது. கெமராவும் லென்சும் டொலரில் வருகிற பொருட்கள். டொலர் இறங்கும்போது கடைக்காரர் விலையை இறக்கத்தான் வேண்டும். அந்த இறக்கத்தையே பெரிய கழிவு என்று சிவப்பு எழுத்தில் போட்டவர்களும் இருந்தார்கள். மறுபக்கம் பெறுமதி சேர் வரி, அதாவது வற், 2024 ஜனவரி முதலாம் திகதி 15 வீதத்திலிருந்து 18 வீதமாகியது. வெளிநாட்டுத் தளமொன்றில் மலிவாகத் தெரிவதை வாங்க நினைப்பவர்கள் வங்கி போடும் மாற்று வீதத்தையும் சுங்கத்தில் கட்டும் வரிகளையும் கூட்டிப் பார்க்க வேண்டும். அந்தப் பொருளின் உத்தரவாதம் இங்கே செல்லுபடியாகுமா என்பதையும் முதலில் கேளுங்கள்.

விலையைப் பார்த்த அளவுக்கு, எந்த வேலைக்கு வாங்குகிறோம் என்பதை நாங்கள் தொடக்கத்தில் பார்க்கவில்லை. அதைச் சொல்லித் தந்தவர் சாய்ந்தமருதில் ஸ்ரூடியோ நடத்தும் ஒரு காக்கா. மணமகள் அறை சிறியது, வெளிச்சம் குறைவு. கெமராவோடு வரும் 18-55 மி.மீ. லென்ஸ் முகத்தைக் கிட்ட எடுக்கும்போது எஃப் 5.6 வரைதான் திறக்கும். 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ் அதைவிட ஒன்பது மடங்குக்கு மேல் வெளிச்சத்தை உள்ளே விடும். ஆனால் அது கிட்டத்தில் முகம், மருதோன்றிக் கை, நகை என்பவற்றுக்கே பொருந்தும். குடும்பம் முழுவதும் நிற்கும் படத்துக்கு அந்தச் சிறிய அறைக்குள் பின்னால் போக இடமிராது. ஆக, புதிய விலையுயர்ந்த கெமரா ஒன்றைவிடச் சாதாரணக் கெமராவும் இந்த இரண்டு லென்சும்தான் இவருடைய தொழிலுக்குத் தேவை.

அப்படித் தேடும்போது ஒரு பொறியில் விழப் பார்த்தோம். பழைய நிக்கோன் டி 3000 வரிசைக் கெமரா ஒன்றும், பாதி விலையில் 50 மி.மீ. எஃப் 1.8 டி லென்ஸ் ஒன்றும் கண்ணில் பட்டன. இரண்டும் நல்ல பொருட்கள்தான். ஆனால் அந்த லென்சுக்குள் மோட்டார் இல்லை. கெமராவில் உள்ள மோட்டார்தான் அதைச் சுழற்ற வேண்டும். டி 3000, டி 5000 வரிசைக் கெமராக்களில் அந்த மோட்டாரும் இல்லை. இரண்டையும் பூட்டினால் படம் எடுக்கலாம், தானாகக் குவியாது. ஒவ்வொரு தடவையும் கையால் வளையத்தைத் திருப்ப வேண்டும். பெண் தலை நிமிரும் அந்த ஒரு கணத்தில் அது நடக்கிற காரியமா? ஏஎஃப்-எஸ் என்று எழுதிய லென்சுகளில் மோட்டார் உள்ளேயே இருக்கிறது. கெனனின் ஈஎஃப் லென்சுகளுக்கு 1987 இல் தொடங்கிய நாளிலிருந்தே மோட்டார் லென்சுக்குள்தான். பெயரின் பின்னால் வரும் ஒரு எழுத்துக்காக ஒருவருடைய சீட்டுக் காசு வீணாகலாம். கொப்பியில் முழுப் பெயரை எழுதச் சொன்னது அதனால்தான்.

பழைய கெமரா வாங்குவதை ராத்தா முதலில் விரும்பவில்லை. ஆனால் 2018 இல் கெனனும் நிக்கோனும் கண்ணாடியில்லாத புதிய வரிசைகளைத் தொடங்கிய பிறகு, பெரிய படப்பிடிப்பாளர்கள் பலர் தங்களது பழைய கெமராக்களை விற்று அதற்கு மாறி வருகிறார்கள். இதனால் நல்ல நிலையில் உள்ள பழைய கெமராக்கள் சந்தைக்கு வருகின்றன. எமக்கு அது போதும்.

பழையது வாங்கும்போது எம்மைப் போன்ற கடற்கரை ஊரவர்கள் முதலில் பார்க்க வேண்டியது பூஞ்சணம். லென்சின் இரண்டு மூடியையும் கழற்றி, பின்பக்கமாகத் தொலைபேசி டோர்ச்சை அடித்து முன்பக்கத்தால் பாருங்கள். சிலந்தி வலை போல நூல் நூலாகத் தெரிந்தால் எவ்வளவு மலிவென்றாலும் வேண்டாம். அடுத்தது, அந்தக் கெமரா எத்தனை படம் எடுத்தது என்ற கணக்கு. சாதாரண வகைக் கெமராக்களின் ஷட்டர் ஏறத்தாழ ஒரு இலட்சம் தடவைக்கென்று கணக்கிடப்படுவது. வாங்கிய பிறகு தோல் உறைக்குள் பூட்டி அலுமாரியில் வைக்கக் கூடாது, ஈரத்தைப் பிடித்துவிடும். இறுக்கமாக மூடும் பிளாஸ்டிக் டப்பாவும் சிலிக்கா ஜெல் பொதிகளும் போதும்.

என்னுடைய கதையையும் சொல்லிவிடுகிறேன். ஒரு விற்பனை நாளில் 128 ஜிபி மெமரி காட் ஒன்றைப் பாதிக்கும் குறைந்த விலைக்கு வாங்கினேன். தங்கையின் கலியாணத்தில் அதைப் போட்டுத்தான் படம் எடுத்தோம். முதல் பங்குப் படங்கள் திறந்தன. மிகுதி எல்லாம் சாம்பல் நிறக் கட்டம். உண்மையில் அந்தக் காட்டின் கொள்ளளவு மிகச் சிறியது, கணினிக்குப் பொய் சொல்லும்படி செய்திருந்தார்கள். விற்றவரின் பக்கம் அதற்குள் மறைந்துவிட்டது. தங்கை பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் இன்றுவரை அந்தப் பேச்சு வந்தால் நான் எழுந்து குசினிக்குப் போய்விடுவேன். இப்போதெல்லாம் எந்தக் காட் வாங்கினாலும் பழைய வீடியோக்களால் நிரப்பிக் கடைசி வீடியோவைத் திறந்து பார்த்த பிறகுதான் வேலைக்கு எடுக்கிறேன்.

அப்போது எனக்குத் தெரியாத ஒன்றும் இருந்தது. 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு முறையிடலாம், தொலைபேசி இலக்கம் 1977. வாங்கி மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறையிட வேண்டும். அதற்குப் பற்றுச்சீட்டு வேண்டும், விற்பவரின் பெயரும் முகவரியும் வேண்டும். இவை இல்லாத பேஸ்புக் பக்கங்களுக்கு முற்பணம் அனுப்பாதீர்கள். பொதி வந்ததும் உடைக்கும்போது ஒருவர் வீடியோ எடுத்து வைப்பது நல்லது.

ஒக்டோபரில் ராத்தாவும் மகனும் இரவு பஸ்ஸில் கொழும்புக்குப் போனார்கள். 18-55 லென்சோடு பழைய கெனன் கெமரா ஒன்றை 52,000 ரூபாவுக்கு, ஆறு மாதக் கடை உத்தரவாதத்தோடு எடுத்தார்கள். டோர்ச் அடித்துப் பார்த்ததைக் கண்டு கடைக்காரர் "ஸ்ரூடியோ வச்சிருக்கீங்களா?" என்று கேட்டாராம். அதை ராத்தா எனக்கு மூன்று தடவை சொல்லிவிட்டார்.

50 மி.மீ. லென்சுக்கு நவம்பர் 11 வரை காத்திருந்தோம். அந்த நாள் சீனாவில் தனித்திருப்பவர்களின் நாளாகக் கொண்டாடப்பட்டது. 2009 இல் அலிபாபா நிறுவனம் அதைப் பெருவிற்பனை நாளாக்கியது. அதே நிறுவனம் 2018 இல் டராஸை வாங்கியது. இப்படித்தான் அந்த நாள் எமது தொலைபேசிகளுக்கும் வந்தது. இதைக் கூட்டத்தில் சொன்னபோது பாண்டிருப்பு அக்கா ஒருவர், "தனிச்சிருக்கிற ஆக்கள்ட நாளெண்டா அது நம்மட நாள்தானே" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் 1990 இலிருந்து தனித்திருப்பவர்.

அன்று முகவரின் பக்கத்தில் அந்த லென்ஸ் 37,500 ரூபா. இருபத்தைந்து வீதக் கழிவு என்று போட்டிருந்தது. கொப்பியைப் புரட்டினோம். ஒன்பது கிழமையில் அதன் ஆகக் குறைந்த விலை 42,000. ஆக உண்மைக் கழிவு 4,500 ரூபா, பதினொரு வீதமும் இல்லை. ஆனாலும் கொப்பியில் உள்ள எல்லா வரியையும்விடக் குறைவு. வாங்கச் சொன்னேன். 90,000 ரூபாவில் 500 ரூபா மிஞ்சியது. தோடு மகளின் காதிலேயே இருக்கிறது. மெமரி காட் ஒன்றை நான் கொடுத்தேன், நிரப்பிப் பார்த்தது.

கடனுக்கு எடுத்திருக்கலாமே என்று சிலர் கேட்டார்கள். நுண்கடன் எத்தனை வீடுகளை வாட்டியதென்று எமது வாசகிகளுக்கு நான் சொல்லத் தேவையில்லை. 2018 இல் வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்களின் ஒரு இலட்சம் ரூபாவுக்குட்பட்ட நிலுவைக் கடன்களுக்கு அரசாங்கமே நிவாரணம் அறிவிக்க வேண்டி வந்தது. மற்றொன்று, அடையாள அட்டைப் படம் எடுத்தும் சம்பாதிக்கலாம் என்று நினைத்து வாங்க வேண்டாம். அதற்கு ஆட்பதிவுத் திணைக்களத்தில் பதிந்த ஸ்ரூடியோவாக இருக்க வேண்டும்.

லென்ஸ் வந்த அன்று நான் ராத்தாவின் வீட்டுக்குப் போயிருந்தேன். அவர் முதலில் எடுத்தது கலியாணப் படமல்ல. கணவரின் ஒரேயொரு சிறிய படம் அவரிடம் இருக்கிறது. மற்றவை 2004 டிசம்பர் 26 ஆம் திகதி கடலோடு போயின. காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகத்துக்கும் அதற்கு முன்பு ஆணைக்குழுக்களுக்கும் அந்தப் படத்தைப் பிரதி எடுத்து எடுத்துக் கொடுத்ததில் ஓரம் கிழிந்திருந்தது. ஜன்னலோரம் வெள்ளைத் தாளில் அதை வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு எடுத்தார். பெரிதாக்கிப் பார்த்தபோது சட்டைப் பையில் பேனை ஒன்று தெரிந்தது. "இந்தப் பேனைய நான் மறந்துட்டன், தங்கச்சி" என்றார்.

இப்போது கொப்பியின் பதினெட்டாம் பக்கத்தில் ஃபிளாஷ் விலை எழுதுகிறார்கள். அதற்கும் ஏதோ ஒரு தளத்தில் எழுபது வீதக் கழிவாம், இன்றிரவு முடிகிறதாம்.